பழைய காரை விற்கப் போகிறீர்களா? வாட்டர் வாஷ் கடைசியில்

காரை விற்பதென்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் போய் நிற்பது வாட்டர் வாஷ் கடையில். அது கடைசி வேலை. முதல் வேலை, பீரோவில் கிடக்கும் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, எடுத்து வரிவரியாகப் படிப்பது. கழுவுவதும் பாலிஷ் போடுவதும் ஒரு நாளில் முடிந்துவிடும். ஆர்.சி.யில் ஒரு வரி தவறாக இருந்தால் அதைச் சரிசெய்ய ஒரு மாதம்கூட இழுக்கும். விலை பேசி அட்வான்ஸ் வாங்கிய பிறகு அந்த வரி கண்ணில் பட்டால், வாங்க வந்தவர் காத்திருக்க மாட்டார்; காத்திருந்தாலும் பேசிய விலைக்கு நிற்க மாட்டார்.

இது தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்கு ஓட்டிய காரை முதன்முறையாக விற்பவர்களுக்கான கட்டுரை. கணக்குக்கு ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம்: 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 68,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், லோன் கட்டி முடித்தாயிற்று. டீசல் என்றாலோ பெரிய வண்டி என்றாலோ செலவுக் கணக்கு மாறும். வேலைகளின் வரிசை மாறாது.

பேப்பர்: ஒரு மாதம் முன்பே

ஆர்.சி.யில் முதலில் பார்க்க வேண்டியது எச்.பி. பதிவு, அதாவது லோன் கொடுத்த வங்கியின் பெயர். கடைசி இ.எம்.ஐ. கட்டியதும் அது தானாக நீங்கிவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். நீங்காது. வங்கியிலிருந்து ஆர்.டி.ஓ.வுக்கு முகவரியிட்ட என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), வங்கி கையெழுத்தும் சீலும் உள்ள ஃபாரம் 35-ம் வாங்கி, போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து, எச்.பி. கேன்சல் செய்தால்தான் உங்கள் பெயர் மட்டும் உள்ள ஆர்.சி. வரும். அந்த என்.ஓ.சி.க்குப் பெரும்பாலும் மூன்று மாதம்தான் ஆயுள். லோன் முடிந்தபோது வாங்கி ஃபைலில் வைத்த பழைய கடிதம் இப்போது செல்லாது; வங்கிக்குப் போய்ப் புதிதாகக் கேட்க வேண்டும். லோன் கொடுத்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துவிட்டிருந்தால் பழைய கணக்கைத் தேடி எடுக்கவே அவர்களுக்கு நாளாகும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள்.

அடுத்து, ஆர்.சி.யில் உள்ள சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் குத்தியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சேஸ் நம்பர் 17 எழுத்து. மாடலைப் பொறுத்து முன் சீட்டுக்குக் கீழே கார்பெட் மடிப்புக்குள்ளோ, பானெட்டைத் திறந்தால் பின்பக்கத் தகட்டிலோ இருக்கும். அந்த இடத்தில் துரு ஏறியிருந்தால் லேசாகத் துடைத்து, கிரீஸ் ஒரு விரல் தடவிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு அந்த நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் எழுத்து மழுங்கிவிடும். மழுங்கிய நம்பர் யாரோ கைவைத்த நம்பர் மாதிரித் தெரியும்.

வாஹன் என்ற அரசின் வாகனப் பதிவேட்டில் இருக்கும் மொபைல் நம்பர் இன்னும் உங்களிடம் உள்ளதா? பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். 2016-ல் ஷோரூம்காரர் தன் நம்பரையே போட்டு வைத்த வண்டிகளும் உண்டு. முதலில் அதை மாற்றுங்கள்.

இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாக்கி அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ சிக்னலில் கோட்டைத் தாண்டியதற்குக் கேமரா எடுத்த படம் உங்களுக்கே தெரியாமல் காத்திருக்கும். வாங்குபவர் எம்-பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டதும் அது அவர் கண்ணில் படும். அவர் பார்ப்பதற்கு முன் கட்டிவிடுவது மேல்.

புகைச் சான்று பி.எஸ். 4, பி.எஸ். 6 (புகை அளவுத் தரநிலை) வண்டிகளுக்கு ஒரு வருடம் செல்லும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம். பத்து நிமிட வேலை. காலாவதியாகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆர்.சி.யில் உள்ள பெயர் காலமானவருடையது என்றால் நேரடியாக விற்க முடியாது. ஃபாரம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் விற்க வேண்டும். வண்டியில் எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி. கிட் போட்டிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்; ஏறாத கிட்டோடு பெயர் மாற்றப் போனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டி நிற்கும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பாலிசி வண்டியோடு போகும். நோ க்ளெய்ம் போனஸ் (என்.சி.பி.) உங்களோடு வரும். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் (உங்கள் வண்டியின் சேதத்துக்குக் கட்டும் பகுதியில்) 50 சதவீதம் தள்ளுபடி உங்கள் பெயரில் சேர்ந்திருக்கும். விற்ற பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியில் விற்பனைச் சான்றைக் கொடுத்து என்.சி.பி. கடிதம் வாங்கிக்கொண்டால், மூன்று வருடத்துக்குள் நீங்கள் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விற்பனைக்கு முன் ‘இன்சூரன்ஸ்தானே, வாங்குபவர் போட்டுக்கொள்ளட்டும்’ என்று பாலிசியைக் காலாவதியாக விடாதீர்கள். காலாவதியாகி 90 நாள் தாண்டினால் அந்த போனஸே போய்விடும். அதைவிட, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் டெஸ்ட் டிரைவ் கொடுப்பது சட்டப்படியும் தப்பு, பணப்படியும் தப்பு.

முன் கண்ணாடியில் விரிசலுக்கு விற்பதற்கு முன் க்ளெய்ம் போடலாமா என்று சிலர் யோசிப்பார்கள். போட்டால் அந்த வருட என்.சி.பி. போகலாம். கண்ணாடி விலையையும் இழக்கும் தள்ளுபடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக சர்வீஸ் ரெக்கார்டு. பில்கள் தொலைந்திருந்தாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லிக் கேட்டால் ஹிஸ்டரியைப் பிரின்ட் எடுத்துக் கொடுப்பார்கள். வெளியே லோக்கல் மெக்கானிக்கிடம் செய்த வேலைக்கு பில் இருந்தால் தேதி வரிசையில் சேர்த்து ஒரே ஃபைலில் போடுங்கள். டயர், பேட்டரி பில்கள் முக்கியம். ஓடோமீட்டர் 68,000 என்று காட்டுவதை வாங்குபவர் நம்புவது மீட்டரைப் பார்த்து அல்ல, 61,200-ல் போட்ட சர்வீஸ் பில்லைப் பார்த்து.

இரண்டாவது சாவியையும் இப்போதே தேடுங்கள். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சிப் உள்ள சாவியைப் புதிதாகச் செய்ய ஆயிரக்கணக்கில் ஆகும். ஒரே சாவி என்றதும் வாங்குபவர் அந்தப் பணத்தைக் குறைப்பார். இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறதோ என்ற யோசனையும் அவருக்கு வரும்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது

வாங்குபவரோடு ஒரு மெக்கானிக் வருவார். அவர் செய்யப் போகும் சோதனையை நீங்களே ஒரு காலையில் முன்கூட்டிச் செய்துவிடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியாக இருக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். அளவு இரண்டு குறிக்கும் நடுவே இருக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்புறம் பாருங்கள். பால் காப்பி நுரை மாதிரி படிந்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், அல்லது குறைந்த தூரமே ஓடிய வண்டியில் ஈரம் சேர்ந்திருக்கலாம். கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் முதலாவது. அப்படியானால் மெக்கானிக்கிடம் காட்டாமல் விளம்பரம் கொடுக்காதீர்கள். ரிசர்வாயரில் வெறும் தண்ணீர் இருந்தால் அதை இறக்கிவிட்டு, கம்பெனி சொல்லும் கூலன்ட் ஊற்றுங்கள். துருநிறத் தண்ணீர் ரேடியேட்டரின் கதையைச் சொல்லிவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியைப் பாருங்கள். வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஓடும்போதும் 13-க்குக் கீழ் என்றால் ஆல்டர்னேட்டர் பக்கம் போக வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது இழுத்து இழுத்துச் சுற்றும் பேட்டரியை மாற்றிவிடுவதே நல்லது. செலவு சில ஆயிரம். வாங்க வந்தவர் முன்னால் முதல் தடவை ஸ்டார்ட் ஆகாமல் போனால் இழப்பு அதைவிட அதிகம்.

ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரைப் பாருங்கள். குளிர் காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து இரண்டு நிமிடத்தில் நின்றால் இயல்பு. நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். வேகத்தடையில் முன்பக்கம் ‘டக் டக்’ என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ். சின்ன பாகங்கள்தான், ஆனால் சத்தம் பெரிது, மாற்றிவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க் வளைந்திருக்கும். மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடியப் போகிறது.

கிளட்ச்சை மாற்றிவிட்டு விற்கலாமா? இதே மாதிரி ஹேட்ச்பேக்கில் கிளட்ச் செலவு அப்படியே விலையில் திரும்பி வராது, பாதி வந்தால் அதிகம். ஆனால் வழுக்கும் கிளட்ச்சோடு நல்ல விலை கிடைக்காது. மெக்கானிக் அதைச் சாக்காக வைத்து இரண்டு மடங்கு குறைக்கச் சொல்வார். நடைமுறையில் சரியான வழி, நம்பகமான ஒர்க்‌ஷாப்பில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி வைத்துக்கொண்டு, ‘இதற்கு இவ்வளவு ஆகும், அதைக் கழித்துத்தான் விலை சொல்லியிருக்கிறேன்’ என்று முதலிலேயே சொல்வது. எஸ்டிமேட் கையில் இருக்கும்போது குறை ஒரு தொகையாகிவிடும். இல்லாதபோது அது வாங்குபவர் கற்பனை எவ்வளவு நீளுமோ அவ்வளவு.

நான்கு டயரும் புதிதாகப் போட்டு விற்பது வீண். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் (டயரின் மேடுகள்) நன்றாக இருந்தாலும் குறைத்துக் கேட்பார்கள், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். தேய்மானக் குறியான 1.6 மில்லிமீட்டர் வரை தேய்ந்த டயர் ஒன்றிரண்டு இருந்தால் மட்டும் அவற்றை மாற்றலாம்.

ஏ.சி. கூலிங் குறைவாக இருந்தால் ‘கேஸ் மட்டும் போடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். கேஸ் தானாகத் தீராது, எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் பத்து நாளில் பழைய நிலை. விற்ற மறுவாரம் வாங்கியவர் போனில் சண்டைக்கு வருவார்.

இன்ஜின் செக் லைட் எரிந்தால் ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறியீட்டை அழித்துவிடுவது ஒரு பழக்கம். இப்போது செகண்ட் ஹேண்ட் கார் பார்க்க வருபவர்கள் பலர் வண்டியின் கணினியைப் படிக்கும் சின்ன ஓ.பி.டி. ஸ்கேனரைப் பாக்கெட்டில் வைத்திருக்கிறார்கள். குறியீட்டை அழித்ததும் வண்டியின் உள் சோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குப் போய்விடும். சில நாள் ஓடினால்தான் மறுபடி முடியும். ஸ்கேனர் அதைக் காட்டும்போது, நேற்றுதான் லைட்டை அணைத்தீர்கள் என்பது வெளிப்பட்டுவிடும். ஆக்ஸிஜன் சென்சாரோ பற்றவைப்புக் காயிலோ, காரணத்தைச் சரிசெய்துவிட்டு பில்லை ஃபைலில் சேருங்கள். ஓடோமீட்டரில் கிலோமீட்டர் குறைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது ஏமாற்று வேலை, சர்வீஸ் சென்டர் கணினியில் பழைய எண்ணும் அப்படியே இருக்கிறது.

பாடி: எதைத் தொடக்கூடாது

விற்பதற்கு முன் முழு வண்டிக்கும் பெயின்ட் அடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிக விலையுயர்ந்த தவறு. கம்பெனி பெயின்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான் தடிமன். மறுபடி அடித்த இடம் 200-ஐத் தாண்டும். பட்டி வைத்த இடம் ஐந்நூறு, ஆயிரம் என்று போகும். வாங்க வரும் கம்பெனிகளும் விவரம் தெரிந்த மெக்கானிக்குகளும் பெயின்ட் மீட்டரை வைத்து ஒவ்வொரு பேனலாகப் பார்ப்பார்கள். எல்லா பேனலிலும் 250 காட்டினால் ‘பெரிய ஆக்சிடென்ட்டை மறைத்திருக்கிறார்கள்’ என்ற முடிவுக்கு வருவார்கள். நீங்கள் அழகுக்காக அடித்தீர்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இத்தனை வருடம் ஓடிய வண்டியில் கதவோரம் நாலு கீறல் இருப்பது குறையே இல்லை. அசல் பெயின்ட்டோடு கீறல் இருப்பது, பளபளக்கும் மறு பெயின்ட்டைவிட அதிக விலை பெறும்.

செய்யத் தகுந்தவை: பெயின்ட் உடையாத சின்ன பள்ளங்களை உள்ளிருந்து தள்ளி எடுப்பவர்களிடம் காட்டலாம், பெயின்ட் செலவு இல்லை. பம்பரில் மற்ற வண்டியின் கலர் ஒட்டிய கோடுகள் ரப்பிங் காம்பவுண்டில் போய்விடும். ஆனால் மெஷின் பாலிஷ் செய்பவர் பானெட்டின் மடிப்பு விளிம்புகளில் நின்று தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பெயின்ட்டின் மேலிருக்கும் கிளியர் கோட் மெல்லிசு. சட்டென்று தேய்ந்து வெளுத்த கோடு விழும். அதற்கு மருந்து மறு பெயின்ட்தான்.

மஞ்சளடித்த ஹெட்லைட் வண்டியின் வயதை மூன்று நான்கு வருடம் கூட்டிக் காட்டும். இதைப் பார்த்துச் சரிசெய்வது குறைந்த செலவில் அதிகப் பலன். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 1000 நம்பர் நீர்க் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து ஒரே திசையில் தேயுங்கள். பால் மாதிரி மஞ்சள் நீர் வழியும், வழிவது வெள்ளையாகும் வரை. அடுத்து 2000-ல் குறுக்குத் திசையில், பிறகு 3000-ல். அதன்பின் காம்பவுண்டால் பாலிஷ் செய்து, கடைசியாக யு.வி. கோட். அந்தக் கோட்டை விட்டுவிட்டால் சில வாரத்தில் மஞ்சள் திரும்பிவிடும். டூத்பேஸ்ட் வைத்தியமும் அதே கதிதான்.

சன் ஃபிலிம் உரித்தால் பின் கண்ணாடியில் பிளேடு போட்டுச் சுரண்டாதீர்கள். உள்பக்கம் படிந்திருக்கும் டிஃபாகர் (பனிமூட்டம் நீக்கும் சூட்டுக்கம்பி) கோடுகள் அறுந்துவிடும். ஹேர் டிரையரால் சூடாக்கி மெதுவாக இழுத்து, மிச்சப் பசையைச் சோப்பு நீரில் ஊறவைத்துத் துடைப்பதுதான் வழி. ஜாதி, கட்சி, நடிகர் ஸ்டிக்கர்களையும் எடுத்துவிடுங்கள். வாங்குபவர் எந்தப் பக்கமோ, யாருக்குத் தெரியும்.

உள்ளே: வாசனையும் ஈரமும்

கதவைத் திறந்ததும் முதல் ஐந்து விநாடியில் மூக்கு முடிவு செய்துவிடும். இதற்குப் பலர் தேடும் வழி, பலமான பெர்ஃப்யூம். அனுபவமுள்ளவர்கள் அதையே கெட்ட அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள். எதையோ மறைக்கிறார்கள் என்று. வாடையின் இருப்பிடம் பொதுவாக மூன்று: கேபின் ஃபில்டர், எவாப்பரேட்டர் (ஏ.சி.யின் குளிரூட்டும் பாகம்), கார்பெட்டின் அடிப்பக்கம்.

கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் இருக்கும். நாய்முடியும் காய்ந்த வேப்பிலையும் அடைத்துக் கிடக்கும். சில நூறு ரூபாய், மாற்றிவிடுங்கள். ஏ.சி. போட்டதும் ஈரச்சாக்கு வாடை வந்தால் எவாப்பரேட்டர் ஃபோம் கிளீனர் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு தினமும் இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஏ.சி.யை அணைத்து, ஃபேனை மட்டும் வேகமாக ஓட விடுங்கள், ஈரம் காய்ந்துவிடும்.

மூன்றாவதுதான் கவனம் தேவைப்படுவது. முன்பக்க மிதியடிகளைத் தூக்கி, கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கையில் ஈரம் பட்டால் கதவு ரப்பரோ ஏ.சி. டிரெயின் குழாயோ காரணம். டிரெயின் குழாய் அடைத்தால் வண்டிக்கு வெளியே சொட்ட வேண்டிய தண்ணீர் உள்ளே சொட்டும். இதைச் சரிசெய்யாமல் சீட் ஷாம்பூ போட்டுப் பயனில்லை.

ஏனென்றால், 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் பிறகு, சென்னை நம்பர் வண்டி என்றாலே வெள்ளத்தில் நின்றதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சீட் பெல்ட்டை முழுநீளத்துக்கும் வெளியே இழுப்பார்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று. சீட்டுக்குக் கீழே உள்ள ரெயிலிலும் போல்ட்டிலும் துரு, டிக்கியில் ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் நின்ற தடம் இவையெல்லாம் பார்ப்பார்கள். உங்கள் வண்டி வெள்ளத்தையே பார்க்காவிட்டாலும், டிக்கி ரப்பர் வழியாக மழைநீர் இறங்கி ஸ்டெப்னிக் குழி துருப்பிடித்திருந்தால் அந்தச் சந்தேகம் உங்கள் மேல் விழும். ஸ்டெப்னியை வெளியே எடுத்து, குழியை உலர்த்தி, துருவைத் துடைத்து, ரப்பரை மாற்றுங்கள். அங்கேயே ஜாக்கி, வீல் ஸ்பேனர், டோ ஹூக் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னியில் காற்றும் அடித்து வையுங்கள்.

சீட் ஷாம்பூ போட்டால் கதவுகள் நான்கையும் திறந்து வைத்து ஒரு முழு நாள் வெயிலில் காயவிட வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த ஸ்பாஞ்ச் மூன்றாம் நாள் பூஞ்சை வாடை கொடுக்கும். ஐப்பசி மழையில் இந்த வேலை வேண்டாம். வேக்குவம் போட்டு ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். டேஷ்போர்டில் எண்ணெய் மாதிரி மினுக்கும் சிலிகான் பாலிஷும் வேண்டாம். வெயிலில் கண்ணாடியில் எதிரொளிக்கும், ஸ்டியரிங்கில் பட்டால் வழுக்கும்.

இன்ஜின் ரூமில் பிரஷர் வாட்டர் அடிக்க விடாதீர்கள். காயில், ஃபியூஸ் பாக்ஸ், ஆல்டர்னேட்டர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தண்ணீர் புகுந்து மறுநாள் வண்டி நடுங்கி ஓடும். காற்று ஊதி, பிரஷ்ஷால் தூசி தட்டி, ஈரத்துணியால் பிளாஸ்டிக் பாகங்களைத் துடைத்தால் போதும். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் இன்ஜின், ஆயில் கசிவைக் கழுவிவிட்டார்கள் என்று நினைக்க வைக்கும்.

படம், விலை, வரும் ஆட்கள்

படங்களை காலை ஏழு எட்டு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ எடுங்கள். கேமரா ஹெட்லைட் உயரத்தில் இருக்கட்டும். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் வண்டி பொம்மை மாதிரிச் சிறுத்துவிடும். நான்கு மூலை, நான்கு டயர், இன்ஜின் ஓடும் நிலையில் மீட்டர், முன் பின் சீட், டிக்கி, ஸ்டெப்னி. இருக்கும் கீறலுக்கும் பள்ளத்துக்கும் கிட்டப் படம் ஒன்று போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு வருபவர் வாங்க வருகிறார். பார்க்காமல் வருபவர் பேரம் பேச வருகிறார். சேஸ் நம்பரும் ஆர்.சி. படமும் விளம்பரத்தில் வேண்டாம்.

விலைக்கு, அதே வருடம், அதே வேரியன்ட், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர், அதே ஓனர்ஷிப் உள்ள பத்து விளம்பரங்களைப் பாருங்கள். அவை கேட்கும் விலைகள், விற்ற விலைகள் அல்ல. ஆன்லைன் கம்பெனி ஒன்றிடமும் பக்கத்து கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடையில், ஒருவரிடமும் விலை கேளுங்கள். அது உங்கள் அடிமட்ட விலை. தனிநபருக்கு விற்றால் அதைவிடக் கூடுதல் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு அலைச்சல் எதற்கு? மனதில் 3.50 லட்சம் என்றால் 3.70 என்று போடலாம். 4.25 என்று போட்டால் போனே வராது.

வருபவருக்காக இன்ஜினை முன்கூட்டி ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் வந்ததும் பானெட்டின் மேல் கை வைப்பார். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் என்று குறித்துக்கொள்வார். டெஸ்ட் டிரைவுக்கு முன் லைசென்ஸைப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்டில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். வண்டியைப் பார்க்காமலே ‘ராணுவத்தில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆரை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று ஒருவர் பேசினால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க ஸ்கேனும் தேவையில்லை, யு.பி.ஐ. பின்னும் தேவையில்லை.

பணமும் ஒப்படைப்பும்

ஒரு விற்பனைக்கு ரொக்கமாக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்கக்கூடாது. வருமான வரிச் சட்டத்தில் 2017 ஏப்ரலில் வந்த தடை இது; வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம். ஆர்.டி.ஜி.எஸ். அல்லது ஐ.எம்.பி.எஸ்.ஸில் வாங்குங்கள். எஸ்.எம்.எஸ்., ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் நம்ப வேண்டாம். உங்கள் வங்கிச் செயலியில் பேலன்ஸ் ஏறியதைப் பார்த்த பிறகே சாவி.

இப்போது பெயர் மாற்றத்துக்கான மிக முக்கியமான தாள்கள்: ஃபாரம் 29 இரண்டு பிரதி, ஃபாரம் 30. கமிஷன்காரர் ‘வெறும் ஃபாரத்தில் கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்’ என்பார். போடாதீர்கள். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி நிரப்பிய பிறகே கையெழுத்து. வெற்று ஃபாரம் வண்டியோடு கைமாறிக் கைமாறிப் போகும், ஆர்.சி.யில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும்.

அதனால் என்ன நேரும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு, நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு, போதும். 2007-ல் விற்கப்பட்ட கார் பல கை மாறியது; பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ல் விபத்து. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. முதலில் விற்றவர் தலையில் அது விழுந்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். வாங்குபவரின் வேகத்தை நம்பியிராமல், ஒப்படைக்கும் நாளிலேயே இருவரும் உட்கார்ந்து பரிவாஹனில் பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் போட்டு, உங்கள் ஓ.டி.பி.யைக் கொடுத்து, ரசீது எண்ணை எடுத்துக்கொள்வதே நல்லது. இருவரின் பான் நகல் வேண்டும். பான் இல்லையென்றால் ஃபாரம் 60. வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிக்கு முதலில் ஃபாரம் 28 மூலம் என்.ஓ.சி. வாங்க வேண்டும்.

கன்சல்டிங்குக்கு விற்பதானால் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆர்.டி.ஓ.வின் டீலர் அங்கீகாரச் சான்று, அதாவது ஃபாரம் 29பி இருக்கிறதா? 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் ஃபாரம் 29சி மூலம் ஒப்படைத்தால் அதன்பிறகு பொறுப்பு அவருடையது. அங்கீகாரம் இல்லாதவரிடம் கொடுத்தால், இறுதியாக வாங்குபவர் பெயர் ஏறும் வரை பொறுப்பு உங்கள் தலையில்.

டெலிவரி நோட்டில் தேதியோடு மணி, நிமிடமும் எழுதுங்கள். 6.40-க்கு ஒப்படைத்த வண்டி 7.15-க்கு சிக்னலைத் தாண்டினால் அந்த நிமிடம்தான் உங்களைக் காப்பாற்றும். மீட்டர் ரீடிங், தொகை, வாங்கிய முறை, இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி, வாங்குபவரின் அடையாளச் சான்று நகல். அசல் ஆர்.சி.யைக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

சாவியைக் கொடுக்கும் முன் வண்டிக்குள் ஒரு தடவை உட்காருங்கள். ஸ்டீரியோவில் ப்ளூடூத்தில் சேர்ந்த போன்கள், அவற்றிலிருந்து இறங்கிய கான்டாக்ட்கள், மேப்பில் சேமித்த வீட்டு முகவரி எல்லாவற்றையும் அழியுங்கள். ஃபேக்டரி ரீசெட் இருந்தால் அது. டேஷ்கேம் மெமரி கார்டையும் எடுங்கள். போனிலிருந்து வண்டியை இயக்கும் செயலி இருந்தால் அதிலிருந்து வண்டியை நீக்குங்கள். சன்வைசர் மடிப்பு, சீட் இடுக்கு, கிளவ் பாக்ஸின் அடி என்று கைவிட்டுத் துழாவுங்கள். பழைய பேங்க் சிலிப்பும் நகைக்கடை ரசீதும் அங்கேதான் இருக்கும்.

ஃபாஸ்டேகை அன்றே கொடுத்த வங்கியின் செயலியிலோ கஸ்டமர் கேரிலோ சொல்லி மூடிவிடுங்கள். மீதிப் பணமும் டெபாசிட்டும் திரும்பி வரும். கண்ணாடியிலிருந்து உரித்தால் கிழிந்துவிடும், கிழியட்டும். மூடாமல் விட்டால் அவர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் கணக்கில் கழியும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விற்பனையைத் தெரிவித்து என்.சி.பி. கடிதம் கேளுங்கள்; வாங்கியவர் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாள் இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு வாரம் ஒருமுறை எம்-பரிவாஹனில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரின் முதல் எழுத்து மாறியிருந்தால், அந்த ஸ்கிரீனை ஒரு படம் எடுத்து டெலிவரி நோட்டோடு சேர்த்து வையுங்கள்.